ஸ்டெப்னி சீட்டு

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள், பிற்பாடு அதற்கு இடம் கிடைக்காது: கோவில்பட்டியில் நாற்பது சீட்டு உள்ள ஒரு மஞ்சள் பஸ் இருந்தது, அதன் இருபத்திமூன்றாம் சீட்டில் ஆளும் இல்லாமல் வாத்தியமும் இல்லாமல் ஒரு தம்புரா ஒரு வருஷம் ராப்பகல் ஓயாமல் ஒலித்தது, ஊரில் அதைக் கேட்காத காது ஒரே ஒரு ஜோடிதான், அந்த ஜோடிக் காதும் பஸ்ஸின் சொந்தக்காரர் ஆவுடையப்பனுடையது.

ஆவுடையப்பனுக்கு ஊர் ஊராக ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டுக் கூட்டிக்கொண்டு வருவது பிழைப்பு. பழனிக்குப் போவார், ராமேஸ்வரத்துக்குப் போவார், கூட்டம் சேர்ந்தால் கன்னியாகுமரிக்குப் போய்ச் சூரியனையும் காட்டுவார். எந்த ஊரானாலும் வண்டி கிளம்புமுன் அவர் படிக்கட்டருகில் நின்று பட்டியலைப் பிரித்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார், பெயருக்கு உரியவர் தன் வாயால் ‘இருக்கேன்’ என்று சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் வண்டி ஓரடி நகராது. தலையை எண்ணினால் போதாதா என்று கேட்கிறவர்களுக்கு அவரிடம் ஒரு பழைய கதை இருந்தது: ராமேஸ்வரத்து டூரில் ஒருத்தன் அரைத் தூக்கத்தில் பெண்டாட்டிக்கும் சேர்த்து ‘இருக்கேன்’ என்று சொல்லிவிட, அந்தப் பெண் பரமக்குடி டீக்கடையில் பஜ்ஜியோடு நின்றுகொண்டிருந்தாள். அன்றிலிருந்து புருஷனுக்குப் பெண்டாட்டியோ பெண்டாட்டிக்குப் புருஷனோ பதில் சொல்லக் கூடாது, தூங்குகிறவனை எழுப்பித்தான் கேட்பது, தொண்டை கட்டிப்போனவன்கூட ஏதாவது ஒரு சத்தத்தைத் தன் தொண்டையிலிருந்தே எடுத்துத் தர வேண்டும்.

இப்படி ஊரார் பெயரையெல்லாம் கூப்பிட்டுப் பதில் வாங்கின வாய், ஒரே ஒரு பெயரைச் சொல்வதில்லை என்று சத்தியம் செய்திருந்தது.

அது அவர் மகள் பெயர். தாயில்லாத பிள்ளை, சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துப் பாட்டு வகுப்புக்குக் கொண்டுபோய் விட்டு, வகுப்பு முடிகிறவரை வாசலில் நின்று கூட்டிவந்தவர் அவர்தான். பாட்டுக் கல்லூரியில் படிக்கச் சென்னைக்கு அனுப்பியவரும் அவர்தான். அங்கே சபாக்களுக்கு மைக் செட் போடுகிற ஒருத்தனைக் கட்டிக்கொள்கிறேன் என்று அவள் வந்து சொன்னபோது, அவன் என்ன ஆட்கள் என்று ஒரு கேள்வியும், கிடைத்த பதிலுக்கு ஒரு வாரச் சண்டையும் நடந்து, கடைசியில் உறை போட்ட தம்புராவைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவள் பஸ் ஏறிய அன்றைக்கு, பஸ் ஸ்டாண்டே பார்த்துக்கொண்டிருக்க, “இனிமே உன் பேரு என் வாயில வராது” என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய வேலை என்று தெரிந்தது.

ஏனென்றால் பிள்ளைக்கு ஊர் அம்மன் பெயரை வைத்திருந்தார். செண்பகவல்லி. கோவில்பட்டியில் அந்தப் பெயரைச் சொல்லாமல் ஒரு நாளை ஓட்டுவது வாயைத் தைத்துக்கொண்டு சோறு தின்கிற மாதிரி. கோயிலைப் ‘பெரிய கோயில்’ என்றார், அம்மனை ‘ஆத்தா’ என்றார், பஸ்ஸின் நெற்றியில் தானே எழுதிவைத்த பெயரை ‘நம்ம வண்டி’ என்றார், அந்தப் பெயருள்ள மாவு மில்லுக்குப் போக வேண்டியவர்களுக்கு ‘ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கத்து மில்லு’ என்று வழி சொன்னார். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் ஒருத்தி, வாய் ஓயாதவள், டூர் தவறாமல் வருகிறவள், பன்னிரண்டாம் சீட்டுக்காரி, அவளுக்கும் அதே பெயர். பட்டியல் கூப்பிடும்போது அவளை மட்டும் “பன்னெண்டு” என்றார். அவளும் காரணம் தெரிந்து “இருக்கேன் மாமா” என்றாள். ஒரு வருஷத்தில் ஆபீசில் அவள் பன்னெண்டு, ரேஷன் கடையில் பன்னெண்டு, அவள் புருஷனே “ஏ பன்னெண்டு, கொஞ்சம் தண்ணி கொண்டா” என்கிற அளவுக்கு ஆகிப்போனது. “கல்யாணமாகி இனிஷியல மாத்துவாக, எனக்குப் பேரையே எடுத்துட்டாரு இந்த மனுசன்” என்று அவள் சொல்லிச் சிரிப்பாள்.

மகள் போன அந்த வருஷமே, மார்கழி முதல் சனிக்கிழமை சென்னை சபாக் கச்சேரிகளுக்கு ‘சங்கீத டூர்’ என்று போர்டு வைத்தார். போர்டைக் கோவில்பட்டி இரண்டு தரம் படித்தது. தீப்பெட்டியும் கடலை மிட்டாயும் செய்கிற ஊருக்கு ஆலாபனையோடு என்ன சம்பந்தம்? ஆனாலும் ஒரே நாளில் முப்பத்தொன்பது பேர் பெயர் கொடுத்தார்கள். அங்கே ஒரு சபாவில் ஒரு அம்மாள் பாடுகிறார், அவருக்குப் பின்னால் உட்கார்ந்து தம்புரா போடுகிறவள் ஆவுடையப்பன் மகள் என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். அவர்களுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. ஒரு பிடிவாதக்காரத் தகப்பன் தன் பிள்ளையைத் தூரத்திலிருந்து பார்ப்பதற்கு முப்பத்தொன்பது பேர் சேர்ந்து சங்கீதம் பிடிக்கும் என்று நடித்தார்கள், அவ்வளவுதான்.

நாற்பதாவது சீட்டு? இருபத்திமூன்றாம் நம்பரை அவர் யாருக்கும் கொடுக்கவில்லை. மிட்டாய்க்கடை சீனிராஜ் அண்ணாச்சி, இருபத்திநாலாம் சீட்டுக்காரர், காலை நீட்டிக்கொள்ளலாமா என்று கேட்டார்.

“கூடாது. பஸ்ஸுக்கு ஸ்டெப்னி டயர் இருக்குல்ல? அதுமாதிரி இது ஸ்டெப்னி சீட்டு. வாறபோது திடீர்னு யாராச்சும் ஏறுனா?”

“யாரு ஏறப்போறா?”

“ஏறுனாச் சொல்லுதேன்” என்றார் ஆவுடையப்பன். சீனிராஜ் காலை மடக்கிக்கொண்டார்.

முதல் வருஷம் சபாவில் பெரிய மானக்கேடு. அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு இழைத்து இழைத்து மேலே போகிற நேரத்தில் கோவில்பட்டி வரிசை முழுவதும் கடலை மிட்டாயைக் கடித்தது. அடுத்த வருஷம் கடிக்காமல் நாக்கிலேயே கரைத்துத் தின்னப் பழகினார்கள். மூன்றாம் வருஷம் கொசு அடித்த கைகள் தாளம் போட ஆரம்பித்தன. ஐந்தாம் வருஷம் கீரை வடையைக் கையில் வைத்துக்கொண்டு சபா கேன்டீனில், “இன்னைக்கு அம்மா கீழ் ஸ்தாயில ரொம்ப நேரம் நிக்கல பாத்தியா, சளி பிடிச்சிருக்கு” என்று பன்னெண்டு சொல்ல, மயிலாப்பூர்க்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்து ஆமோதித்தார். நடிப்பு எந்த இடத்தில் நின்றது, ருசி எந்த இடத்தில் தொடங்கியது என்று அவர்களுக்கே தெரியாது.

ஆவுடையப்பன் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து பாட்டைக் கேட்டதே இல்லை. அம்மாளின் தோளுக்குப் பின்னால் நாலு தந்தியில் போய்ப் போய் வருகிற இரண்டு விரல்களை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். பாடுகிறவர் மூச்சு விட நிறுத்தலாம், மிருதங்கக்காரர் வேர்வை துடைக்க நிறுத்தலாம், தம்புராவில் கை வைத்தவள் மட்டும் நிறுத்தக் கூடாது. நாலாம் வருஷம் அவள் நிமிர்ந்து மூன்றாம் வரிசையைப் பார்த்துவிட்டாள். அவர் செருப்பைத் தேடுகிறவர்போல் குனிந்து, அந்தப் பாட்டு முடிகிறவரை செருப்பைத் தேடினார். அவள் விரல் நிற்கவில்லை.

கச்சேரி நடுவில் ஒருவர் வந்து மைக்கைப் பிடித்துப் பெயர்களைச் சொல்வார். பாடினவர் பெயர், வயலின் பெயர், மிருதங்கத்தின் பெயர், ஒலிபெருக்கி போட்ட அவள் புருஷன் பெயர்கூட. தம்புரா போட்டவள் பெயரைச் சொல்ல ஒரு வருஷமும் அவர்களுக்கு ஞாபகம் வந்ததில்லை. அந்த இரண்டு நிமிஷமும் ஆவுடையப்பன் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்திருப்பார், பெயர் வராமல் கைதட்டல் வந்ததும் விட்டுவிடுவார்.

மறுநாள் காலை கிளம்பும்போது பட்டியல் கூப்பிடுவார். இருபத்திரண்டு முடிந்ததும், ராத்தங்கின சத்திரத்து வாசலை ஒரு தரம் பார்ப்பார், “ஸ்டெப்னி” என்று தனக்குள் சொல்லிக்கொள்வார், இருபத்திநாலுக்குப் போவார்.

ஏழாம் வருஷம் புரட்டாசியில் தெரியாத நம்பரிலிருந்து அவருக்குப் போன் வந்தது. “செண்பகவல்லியோட அப்பாங்களா?” என்று ஒரு பெண் குரல் கேட்டது. “ராங் நம்பர்” என்று வைத்துவிட்டார். சாயங்காலம் மறுபடி வந்தது, வைத்தார். அடுத்த நாள் விடிகாலையில் ஒரு தரம். அதன் பிறகு வரவில்லை.

அந்த மார்கழியில் அம்மாளின் தோளுக்குப் பின்னால் ஆள் இல்லை. சாப்பாட்டுத் தூக்கு அளவில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. அதில் சிவப்பாக ஒரு பொட்டு வெளிச்சம். அதிலிருந்து சுருதி வந்துகொண்டிருந்தது. ஆவுடையப்பன் கச்சேரி முழுவதும் அந்தப் பொட்டையே பார்த்தார். பன்னெண்டு நடுவில் எழுந்து கேன்டீனுக்குப் போய், வடை எடுத்துவைக்கிற பெண்ணிடம் கேட்டாள். புரட்டாசியில் காய்ச்சல், ஆறு நாள் ஆஸ்பத்திரி, அவ்வளவுதான் என்று அவள் சொன்னாள். பன்னெண்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஒரு காதிலிருந்து அடுத்த காதுக்குச் செய்தி வரிசை நெடுகப் போனது, அவர் காதுக்கு முந்தின நாற்காலியில் நின்றுவிட்டது.

மறுநாள் காலை வண்டி செங்கல்பட்டு ஏரியைத் தாண்டும்போது சீனிராஜ் அண்ணாச்சி தூக்கத்திலிருந்து விழித்து, “யாருல அது பக்கத்துல உக்காந்து தம்புரா போடுறது?” என்றார். பக்கத்தில் வெறும் சீட்டு. வெறும் சீட்டிலிருந்து நாலு தந்தி ஒன்றன்பின் ஒன்றாக, ஒன்று அடங்குமுன் அடுத்ததாக, ஒலித்துக்கொண்டிருந்தது. முப்பத்தெட்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். டிரைவர் தவசி கண்ணாடியில் பார்த்தார். முன் சீட்டில் ஆவுடையப்பன் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

“எதுக்கு எல்லாரும் மூச்சு விடாம வாறீக?” என்று கேட்டார்.

“ஒண்ணுமில்ல மாமா, ஏரி நெறைஞ்சு கெடக்கு” என்றாள் பன்னெண்டு.

வீட்டுக்கு வந்தால் நின்றுவிடும் என்று நினைத்தார்கள். நிற்கவில்லை. ஷெட்டில் நிறுத்தினாலும் ஒலித்தது, டீசல் போடும்போதும் ஒலித்தது. தவசி மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் காட்ட, அவன் ஃபேன் பெல்ட்டிலிருந்து அடிவரைக்கும் பார்த்துவிட்டு, வண்டி நல்லாத்தான் இருக்கு, சுருதி ஐந்தரைக் கட்டையில் இருக்கு என்றான். எஃப்.சி.க்குப் பார்க்க வந்த இன்ஸ்பெக்டர் இருபத்திமூன்றாம் சீட்டருகில் கால் மணி நேரம் நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, ‘சத்தம் அனுமதிக்கப்பட்ட அளவில்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அப்புறம் ஊர் அதைத் தன் சௌகரியத்துக்கு வளைத்துக்கொண்டது, அல்லது அதன் சௌகரியத்துக்குத் தான் வளைந்துகொண்டது. கோயில் நாதஸ்வரக்காரர் காலையில் ஷெட்டுக்கு வந்து சுருதி சேர்த்துக்கொண்டு போனார். தீப்பெட்டி ஆபீசுக்கு அந்த வண்டியில் போன பெண்கள் சண்டை போட்டால் வசவுகூட சுருதி பிசகாமல் வந்தது, பாதியில் அவர்களுக்கே சிரிப்பு வந்து சண்டை கெட்டுப்போனது. ஐயப்பன் மலைக்குப் போன கோஷ்டியின் சரணத்தைக் கேட்டு எருமேலியில் ஆட்கள் வரிசை விட்டு வழிவிட்டார்கள். பல் முளைக்கிற பிள்ளைகள் ஷெட்டில் தூங்கின. தவசி தன் ஹார்ன் அதோடு சேரவில்லை என்று மூன்று கடை ஏறி வேறு ஹார்ன் வாங்கி மாட்டினார். பஸ் ஸ்டாண்டு நாய் ஒன்று பஞ்சமத்தில் ஊளையிடப் பழகியது என்பார்கள், நாய் விஷயத்துக்கு யாரும் பொறுப்பேற்க முடியாது. இருபத்திமூன்றாம் சீட்டில் மட்டும் எவ்வளவு கூட்டத்திலும் யாரும் உட்காரவில்லை. சாமான் வைக்கவில்லை. யாரோ தினம் ஒரு முழம் பிச்சிப்பூ வைத்தார்கள், ஆவுடையப்பன் வருமுன் யாரோ எடுத்தார்கள்.

அவருக்குச் சொல்வது யார் என்பதுதான் தீரவில்லை. சீனிராஜ் சொல்லட்டும் என்றார்கள். தவசி சொல்லட்டும் என்றார் சீனிராஜ். ஸ்டீயரிங் பிடிக்கிறவன் இதெல்லாம் சொன்னால் வண்டி ஓட்ட முடியாது என்றார் தவசி. இப்படியே தை போய், சித்திரை போய், ஆடி போய்விட்டது. ஆவுடையப்பனோ, தன் வண்டியில் ஏறுகிறவர்கள் எல்லோரும் காரணமில்லாமல் தலையாட்டுவதையும் கண்ணைத் துடைப்பதையும் பார்த்துப் பார்த்து, ஒரு நாள் காது டாக்டரிடம் போனார். டாக்டர் இரண்டு பக்கமும் சோதித்துவிட்டு, “இருபது வயசுப் பையன் காது, அண்ணாச்சி. எறும்பு நடந்தாக் கேக்கும்” என்று முதுகில் தட்டி அனுப்பினார்.

எட்டாம் மார்கழி டூருக்கு முந்தின நாள் மத்தியானம், அவருடைய டூர் புக்கிங் கடைக்கு வந்து பன்னெண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். அவர் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார்.

“மாமா, இந்த வருசம் எதுக்குப் போறோம்?”

“இது என்ன கேள்வி? கச்சேரி கேக்க.”

“உங்களுக்குத்தான் பாட்டு பிடிக்காதே.”

அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. “சொல்ல வந்ததச் சொல்லு. ஒரு வருசமா ஊரே என்னையப் பாத்தா புளியங்கொட்டைய முழுங்குன மாதிரி நிக்கிது. எனக்குக் கண்ணு இல்லையா? அந்தப் பெட்டியப் பாத்த அன்னைக்கே தெரியும்.”

பன்னெண்டு சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். பேனா நின்றது.

“மூணு தடவ கூப்பிட்டாக” என்றார். “புரட்டாசியில. அப்பாவான்னு கேட்டாக. மூணு தடவயும் ராங் நம்பர்னு சொன்னேன். பேரச் சொல்லித்தான் கேட்டாக, பன்னெண்டு. நான் என்ன சொன்னேன்? ராங் நம்பர்.”

தெருவில் ஒரு மினி பஸ் போனது.

“மாமா, அவ நம்ம வண்டியிலதான் வந்திருக்கா” என்றாள் பன்னெண்டு. “அன்னைக்கு செங்கல்பட்டுல இருந்து. ஸ்டெப்னி சீட்டுல. விரல நிறுத்தவே இல்ல. ஊருக்கே கேக்குது, எங்க வீட்டுக்காரருக்கே கேக்குது, அவருக்கு இடி இடிச்சாக்கூடக் கேக்காது.”

“எனக்குக் கேக்கலியே” என்றார் ஆவுடையப்பன். சொன்ன விதம், சாப்பாட்டுப் பந்தியில் தன்னை மட்டும் தாண்டிப் பரிமாறிக்கொண்டு போனதைச் சொல்கிற பிள்ளையின் விதம். “டாக்டர்ட்டயும் காட்டினேன். கேக்கலியே.”

“நீங்க இன்னும் கூப்பிடலியே, மாமா.”

மறுநாள் விடியுமுன் வண்டி ஸ்டாண்டில் நின்றது. எல்லோரும் ஏறிவிட்டார்கள். தம்புரா ஒலித்துக்கொண்டிருந்தது. ஆவுடையப்பன் படிக்கட்டருகில் நின்று பட்டியலைப் பிரித்தார். ஒன்று இருந்தது, இரண்டு இருந்தது, “பன்னெண்டு” என்றார், “இருக்கேன் மாமா” என்றாள். இருபத்திரண்டு முடிந்தது. அவர் வாயைத் திறந்தார், மூடினார், கம்பியைப் பிடித்துக்கொண்டார். எட்டு வருஷம் பூட்டியிருந்த பெயர் துருப்பிடித்துப்போய், இரண்டு தரம் இருமிய பிறகுதான் வந்தது.

“இருபத்திமூணு. செண்பகவல்லி.”

பன்னிரண்டாம் சீட்டில் ஒரு வாய், எட்டு வருஷம் கழித்துத் தன் பெயரைக் கேட்ட வாய், தன்னையறியாமல் பதில் சொல்லத் திறந்து, கையால் பொத்திக்கொண்டது.

அந்த நொடியில் தம்புரா நின்றது.

ஒரு வருஷம் அதற்குள்ளேயே வாழ்ந்த ஜனங்களுக்கு, அந்த நிசப்தம் காலடியில் தரையை உருவின மாதிரி இருந்தது. சீனிராஜ் பக்கத்துச் சீட்டைத் தொட்டுப் பார்த்தார். வெறும் ரெக்சின். தவசிக்குப் பொறுக்கவில்லை.

“அண்ணாச்சி, வண்டிய எடுக்கவா?”

“பொறு. பதில் வரல.”

அவர் படியேறி நடுவழியில் வந்து நின்றார். தலையைக் கொஞ்சம் சாய்த்தார், கதவுக்கு அந்தப் பக்கம் பிள்ளை எழுந்துவிட்டதா என்று பார்க்கிறவர்போல. ஒரு பால் வண்டி போனது. ஒரு காகம் கத்தியது. முப்பத்தொன்பது பேர் எச்சில்கூட விழுங்கவில்லை. அப்புறம் அவர் முகம் மெதுவாக, ஒரு பக்கமாகக் கோணி, உடைந்தது.

“வந்திருச்சு” என்றார். “எடு வண்டிய.”

பேனாவால் பட்டியலில் ஒரு டிக் போட்டார். முன் சீட்டுக்குப் போகாமல் இருபத்திமூன்றுக்கு எதிரே நடுவழியிலேயே கீழே உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சாத்தூர் தாண்டி, விருதுநகர் தாண்டிக் கேட்டார். நடுவில் ஒரு தரம் கண்ணைத் திறந்து, “மூணாவது தந்தி கொஞ்சம் எறங்கியிருக்கோ?” என்று கேட்டார்.

யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. எஞ்சின் சத்தம், ஜன்னல் கண்ணாடி அதிர்கிற சத்தம், அவ்வளவுதான். சீனிராஜ் அண்ணாச்சி கண்ணை மூடி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, விரலைத் தொடையில் தட்டினார்.

“லேசா” என்றார். “சேத்துக்கிடுவா.”

பின்னால் ஒருத்தர் தலையாட்டினார், அடுத்து இன்னொருத்தர். ஏழு வருஷம் பழகின தலைகள், தாளம் ஒன்றுகூடப் பிசகவில்லை.

துவரங்குறிச்சியில் டீக்கு நிறுத்தினார்கள். திரும்ப ஏறியதும் மறுபடி பட்டியல். பெயர் ஒருமுறை வந்துவிட்ட நாக்குக்கு இப்போது தடையில்லை, பதினொன்று முடிந்ததும் சரளமாக, நல்ல சத்தமாக, “செண்பகவல்லி” என்றார், பன்னிரண்டாம் சீட்டைப் பார்த்து.

பதில் இல்லை.

“ஏம்மா, ஒன்னையத்தான். செண்பகவல்லி.”

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊர் உலகத்துக்கெல்லாம் சொல்லிச் சிரித்த, திரும்பி வராது என்று நினைத்த பெயர், கைக்கெட்டுகிற தூரத்தில் நின்றது. தவசி கியரில் கை வைத்தபடி காத்திருந்தார். பதில் வராமல் வண்டி நகராது.

அவள் இருபத்திமூன்றாம் சீட்டை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். “பன்னெண்டு இருக்கேன், மாமா” என்றாள்.

அவர் பேனாவை எடுத்தார். பட்டியலில் எழுதியிருந்ததை ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் ‘பன்னெண்டு’ என்று எழுதினார். அப்புறம் பதின்மூன்றுக்குப் போனார்.